பழைய டிரிக்சான் டிரம் செட்டை அடையாளம் காண

பேஸ் டிரம் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) வட்டமாக இல்லாமல், படுக்கவைத்த முட்டை மாதிரி இருக்கிறதா? அவசரப்பட்டு 'நசுங்கியது' என்று ஒதுக்கிவிடாதீர்கள்! ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டிரிக்சான் நிறுவனம் செய்த ஸ்பீட்ஃபயர் மாடலாக இருக்கலாம். உள்ளே ஒரு தடுப்புப் பலகை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில செட்டுகளில் அது பேஸ் டிரம்மை இரண்டு அறைகளாகப் பிரிக்கும். அறைக்கொரு பெடல், வெவ்வேறு சுருதி. எனக்கு இதைவிட அழகான டிரம் யோசனை தெரியாது.

ஷெல் (டிரம்மின் கூடு) ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகினால் அது டெல்ஸ்டார் மாடல். 1962இல் ஏவிய செயற்கைக்கோளின் பெயர்தான். இதற்கு ஹெட் (அடிக்கும் தோல்) வாங்கும்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பிரிட்டிஷ் நிறுவனமான வாக்ஸின் பேட்ஜ் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டாம், டிரிக்சான் செட்டுகள் அந்தப் பெயரிலும் விற்பனையாயின. ஆனால் டிரிக்சான் பெயரில் பிற்காலத்தில் புதிய செட்டுகளும் வந்துள்ளன. பேட்ஜை மட்டும் நம்பாமல் ஷெல்லின் உட்புறம், திருகுகள், பூச்சின் தேய்மானம் எல்லாவற்றையும் பாருங்கள்.

ஸ்பீட்ஃபயர் என்றால் முட்டை வடிவ வளையமும் ஹெட்டும் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். சாதாரண வட்ட ஹெட் அதற்குப் பொருந்தாது, தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும்.