பட்டாளமா, வெளி வேலையா? முடிவெடுக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

போன வைகாசியில் அக்கா மகன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். பிளஸ் டூ முடித்திருக்கிறான், பதினேழரை வயது ஆகிறது. ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. ராணுவத்தில் நான்கு ஆண்டுச் சிப்பாய்ப் பணியான அக்னிவீருக்கும் மனுப் போட ஆசை. "மாமா, நீங்க இருந்துட்டு வந்தவரு. எதுல போனா நல்லா இருக்கும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான்.

1994-ல், 19 வயதில், நான் ராணுவத்தில் சேர்ந்தேன். 24 ஆண்டு எழுத்தர் வேலை பார்த்து 2018-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கியிருந்தும் அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. கடைக்குப் போய் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தேன். அதில் அவனை என்னென்ன எழுதச் சொன்னேனோ அதைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தால் பயன்படும்.

முதல் பக்கத்தில் சம்பளத்தை எழுதாதீர்கள், வயதை எழுதுங்கள். 18, 22, 30, 43, 60 என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பட்டாளம், வலப்பக்கம் வெளி வேலை என்று வையுங்கள். ஒவ்வொரு வயதிலும் எங்கே இருப்பேன், கையில் என்ன இருக்கும், அடுத்த வேளைக்கு யாரை நம்பி இருப்பேன் என்று நிரப்புங்கள். 18-ஐ எல்லோரும் ஆசையாக நிரப்பிவிடுவார்கள். 22-ல்தான் பேனா நிற்கும்.

ஏன் 22? 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிப்பாயாகச் சேர இன்று பெரும்பாலும் அதுதான் வழி. அதில் சேர்பவர்தான் அக்னிவீர். பயிற்சியும் சேர்த்து மொத்தம் 4 ஆண்டு. அது முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அப்படி வருகிறவர்களுக்குப் பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், என்னைப் போன்ற பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன ஊர். அப்படிப்பட்ட இடங்களில் பெரியவர்கள் மனதில் இருப்பது 15 ஆண்டு முடித்தால் பென்ஷன், கேன்டீன் கார்டு, மருத்துவ வசதி என்ற பழைய கணக்கு. எனக்கு அது கிடைத்தது, என் அக்கா மகனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லி ஆசை காட்டினால் அது பாவம். நிரந்தரப் பணிக்குத் தேர்வாகும் அந்த 25 பேரில் ஒருவனாக வந்தால் மேற்கொண்டு குறைந்தது 15 ஆண்டு பணி. ஆனால் நோட்டில் 22-க்கு நேரே எழுத வேண்டியது, வராவிட்டால் என்ன செய்வேன் என்பதை.

சரி, இப்போது பணத்துக்கு வரலாம். அக்னிவீருக்கு மாதச் சம்பளம் முதல் ஆண்டு 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 சதவீதம், பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போய்விடும். முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடுகிறது. நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். மாதாமாதம் கைக்கு வந்ததைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட 11.72 லட்சம். இரண்டையும் சேர்த்து 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 48,000 ரூபாய்க்குச் சற்று மேலே நிற்கிறது. சாப்பாடு, இருப்பிடம், உடுப்பு எல்லாம் அங்கேயே. பிளஸ் டூ முடித்த பையனுக்கு வெளியே இந்தக் கணக்கு எளிதில் வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. பணியில் இருக்கும்வரை 48 லட்ச ரூபாய் காப்பீடும் உண்டு, அதற்காகச் சம்பளத்தில் பிடிப்பதில்லை.

ஆனால் வெளி வேலையின் பணத்தை முதல் மாதச் சம்பளத்தை வைத்து அளக்கக் கூடாது. ஃபிட்டர் படித்தவன் தொடக்கத்தில் தொழில் பழகுநராகக் குறைவாகத்தான் வாங்குவான். 30 வயதில் அவன் கையில் பத்தாண்டு அனுபவம் இருக்கும், வருங்கால வைப்பு நிதி வளர்ந்திருக்கும், இந்த முதலாளி சரியில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம். அதே சமயம் அவன் வாடகை கட்ட வேண்டும், சோற்றுக்குச் செலவழிக்க வேண்டும், ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது அவனாகவும் இருக்கலாம். இதையெல்லாம் வலப்பக்கம் எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் 30 வயதிலும் 43 வயதிலும் அதே தொழிலில் இருக்கும் இரண்டு பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் நாளை யார் தீர்மானிக்கிறார்கள்? லீவுப் பதிவேடு பல ஆண்டு என் மேஜையில்தான் இருந்தது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1999 மே மாதம் கார்கில் சண்டை மூண்டது. லீவில் போயிருந்தவர்களைத் திரும்ப வரச் சொல்லித் தந்தி அனுப்பும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பெயர்களைத் தட்டச்சு செய்தவன் நான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஒரு பையன் பெட்டியோடு வந்து என் மேஜை முன் நின்றான். பதிவேட்டைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்துப் போட அவன் குனிந்தபோது வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது. கல்யாணக் காப்பு. முடிச்சில் மஞ்சள் துண்டு அப்படியே இருந்தது. கல்யாணமாகி நான்கு நாள்கூட ஆகவில்லை. அவிழ்க்கிற சடங்கு முடியுமுன்பே ரயில் ஏறிவிட்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த நேரம் ரிப்போர்ட் என்று மட்டும் எழுதிக்கொண்டேன். அவன் பத்திரமாகத் திரும்பினான், இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

இது பெருமையான விஷயம் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பெருமைக்கு உங்களால் சம்மதிக்க முடியுமா என்பதை வீட்டிலேயே, நிதானமாக, சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சங்கம் வைக்க முடியாது. பிடிக்கவில்லை என்று நான்காம் மாதம் கடிதம் கொடுத்துவிட்டு வர முடியாது. அக்னிவீராகச் சேர்ந்தவர் மிக அரிதான காரணம் இருந்தால் மட்டும், மேலிட அனுமதியோடு இடையில் விலகலாம். ஆண்டுக்கு 30 நாள் லீவு. வடக்கு எல்லையில் போஸ்டிங் என்றால் ரயிலில் கழியும் நாட்களையும் மனதில் வையுங்கள். திருமணம் ஆகாதவர்களைத்தான் எடுப்பார்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் கடந்த மூன்று ஆண்டில் நடந்த முக்கியமான நாட்களை நோட்டில் எழுதுங்கள். தாத்தா இறந்தது, தங்கை வயதுக்கு வந்தது, அம்மாவுக்கு ஆபரேஷன், ஊர்த் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நான் இல்லாவிட்டால் யார் பார்த்திருப்பார்கள் என்று ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வரிகள் நிறைய இருந்தால் அந்த வீட்டை விட்டுப் போவது உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் கடினம். அக்கா மகனுக்கு ஆறு வரியில் இரண்டு வரி காலியாக நின்றது.

உடம்பையும் இப்போதே அளந்து பார்த்துவிடுங்கள். ராணுவத்தில் முதலில் கணினி வழிப் பொதுத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு ரேலி என்னும் ஆள்சேர்ப்பு முகாம். ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 10 புல் அப் எடுத்தால் 40. 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 82 விநாடிதான். கண், காது, பல், தட்டைப்பாதம் எல்லாவற்றையும் ஒரு டாக்டரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டு ஓடிப் பழகியபின் நிறக்குருடு என்று தெரியவந்து அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்தால் வேலை என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், சிப்பாய் வழி ஒன்றை மட்டுமே பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு யுபிஎஸ்சி தேர்வு எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 2022 முதல் பெண் பயிற்சியாளர்களும் அங்கே சேர்கிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்குக் குறுகிய கால அதிகாரி பணி இருக்கிறது. 10 ஆண்டு, வேண்டுமானால் இன்னும் 4 ஆண்டு. அதற்கான பயிற்சி நம் பரங்கிமலையிலேயே நடக்கிறது. நம் பிள்ளைகள் இந்த வழியை ஏறெடுத்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

இனி, வெளியே வரும் வழி. 15 ஆண்டு பணி முடித்த எனக்குப் பட்டப்படிப்புக்கு இணை என்று ராணுவம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. அரசின் குரூப் சி பணிகளுக்கு அது செல்லும். நான் வேலை கேட்டுப் போன ஒரு தனியார் நிறுவனத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிகிரி இருக்கா?" என்று திரும்பவும் கேட்டார்கள். 43 வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது சுலபமில்லை. பட்டாளத்தில் இருக்கும்போதே தொலைதூரக் கல்வியில் பி.காம் முடித்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அக்னிவீர்களுக்கென்று இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டத்துக்கு வேண்டிய மதிப்பெண் அலகுகளில் (கிரெடிட்) பாதி, பணியில் பெறும் பயிற்சிக்கே கிடைத்துவிடும். சேருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே அதில் பதிவு செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் அக்கா மகனுக்கு ஒரு விஷயம் தெளிவானது. இதுவா அதுவா என்று கேட்டுவந்தவனுக்கு எதை முதலில் செய்வது என்பதே உண்மையான கேள்வியாக இருந்தது. ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு. முடிக்கும்போது அவனுக்கு 20 கூட ஆகியிருக்காது. திட்டத்தை அறிவித்தபோது வைத்த மேல் வயது வரம்பு 21. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பிறந்த தேதி வரம்பு போட்டிருப்பார்கள், அதைத்தான் நம்ப வேண்டும். டெக்னிக்கல் பிரிவில் ஐடிஐ முடித்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. கையில் தொழிலோடு உள்ளே போனால், நிரந்தரம் ஆகாமல் திரும்பினாலும் 24 வயதில் தொழிலும் 11 லட்சமும் இருக்கும். படையின் கதவுதான் முதலில் மூடும், மற்ற வேலைகளின் கதவு அதற்குப் பிறகும் திறந்தே இருக்கும். அந்த வரிசையில் வைத்து யோசியுங்கள்.

அவன் ஐடிஐயில் சேர்ந்துவிட்டான். விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் ஓடுகிறான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சுற்றுக்கான நேரத்தைக் குறித்து வைக்கிறான். 101, 97, 96, நேற்று 91. அந்தக் காலியான இரண்டு வரியைப் பற்றி மட்டும் இன்னும் அம்மாவிடம் பேசவில்லை. "நீங்களும் கூட இருங்க மாமா" என்று கேட்டிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன்.