மஸ்கட் மாடியில் டிடி தமிழ்

மாதச் சந்தா இல்லாமல் டிடி தமிழ் பார்க்க மஸ்கட்டில் நான் செய்தது இது. டிடி தமிழ் இருக்கும் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ், ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது, இடம் 93.5 டிகிரி கிழக்கு. இங்கிருந்து திசைகாட்டியில் ஏறக்குறைய 120, அண்ணாந்து 42 டிகிரி. ஊரில் வைக்கும் சின்னத் தட்டை நம்பாமல் 120 செ.மீ. வாங்கினேன். செட்-டாப் பெட்டி எம்பெக்-4 (MPEG-4) வகையாக இருக்கட்டும்.

திசைகாட்டியைத் தட்டருகே வைக்காதீர்கள், தட்டின் இரும்பு அதன் முள்ளை இழுத்துவிடும். என் முதல் வெள்ளிக்கிழமை அப்படித்தான் வீணானது. அப்புறம் வீட்டுக்காரி கீழே டிவி முன் உட்கார்ந்து திரையில் தெரியும் சிக்னல் 'தரம்' எண்ணைப் போனில் சொல்லச் சொல்ல, தட்டை நூலளவு நகர்த்தினேன். 'வலிமை' எண்ணைப் பார்க்காதீர்கள், அது சும்மாவே 80 காட்டும். தரம் 30-ல் நின்றுவிட்டால் எல்என்பியை (தட்டின் முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கி) அதன் பிடியிலேயே மெல்லத் திருப்புங்கள். எனக்கு 62 வந்தது. சரி என்று அப்போதுதான் நட்டை முறுக்கினேன்.