ஊரில் சட்ட உதவி முகாம் போடப் போகும் ஜூனியர் வக்கீல்களுக்கு: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

பார் கவுன்சிலில் பதிவு செய்து இரண்டு மூன்று வருடம் ஆன ஜூனியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சொந்த ஊரில் இலவச சட்ட உதவி முகாம் போடுவது இப்போது நிறைய நடக்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பந்தலைப் பிரித்த பிறகு ஊர்க்காரர் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால், பல முகாம்களில் ஒன்றுமே இருக்காது.

முதல் தவறு நேரம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊராட்சி மண்டபத்தில் வைத்தால் யார் வருவார்? நம் உதவி உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் அப்போது வேலைக்காட்டில் இருப்பார்கள். ஞாயிறு சாயங்காலமோ, மகளிர் குழு கூடுகிற நாளோதான் சரி. அப்புறம் பேச்சு. பொன்னாடை, வரவேற்புரை, சிறப்புரை என்று ஒன்றரை மணி நேரம் போய்விட்டால், பையில் காகிதத்தை வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விடுவார். பேச்சு இருபது நிமிடம் போதும், மீதி நேரம் முழுக்க மேசை போட்டு ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேளுங்கள். அதையும் மைக்கில் கேட்காதீர்கள். "உங்களுக்கு என்ன பிரச்சனை, சொல்லுங்கம்மா" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்டால், வீட்டில் அடி வாங்குகிற பெண் பட்டா விஷயமாக வந்தேன் என்றுதான் சொல்வார். படம் எடுப்பதும் அப்படித்தான். மனு கொடுக்க வந்தவர் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட நமக்கு எந்த உரிமையும் கிடையாது, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் அதுவே தனிக் குற்றம்.

துண்டுப் பிரசுரத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன, இன்னும் சில முகாம்களில் 498ஏ (கணவர் வீட்டார் கொடுமை), 125 (ஜீவனாம்சம்) என்று பழைய பிரிவு எண்களோடு மட்டும் தாள் கொடுக்கிறார்கள். அந்தத் தாளை நம்பி ஒருவர் ஸ்டேஷனுக்குப் போவார்.

இதைவிடப் பெரிய தப்பு, இலவச சட்ட உதவிக்கான தகுதியைத் தப்பாகச் சொல்வது. "வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க" என்று எல்லோரையும் தாலுகா ஆபீசுக்குத் துரத்துகிறோம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமான வரம்பே கிடையாது. ஒரு பெண் என்றாலே போதும், இலவச வழக்கறிஞர் கேட்க அவருக்கு உரிமை உண்டு, கோர்ட் கட்டணத்தையும் ஆணையமே பார்த்துக்கொள்ளும். இது தெரியாமல் நாமே ஒரு முகாம் நடத்தினால் எப்படி? அதனால்தான் அந்த ஆணையத்தின் தாலுகா அளவிலான வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள் என்கிறேன். நம்மால் எடுக்க முடியாத வழக்கை அவர்களிடம் ஒப்படைக்கலாம், 15100 என்ற உதவி எண்ணையும் மக்களிடம் சொல்லிவிட்டு வரலாம். முகாமில் விசிட்டிங் கார்டு நீட்டுவதும், நமக்கு வழக்கு கொடுக்க ஆள் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம், பார் கவுன்சில் விதி 36 அதைத்தான் தடுக்கிறது.

வந்த எல்லோரிடமும் "கேஸ் போட்டுடலாம்" என்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் சோறு போடவில்லை என்று வரும் பெரியவருக்கு சிவில் கோர்ட் எதற்கு? 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் ஜீவனாம்ச மனு கொடுக்கலாம், அதற்கு வக்கீலே தேவையில்லை. அந்த மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள். இருபது நிமிட வேலை. லோக் அதாலத்தில், அதாவது சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்துக்கொள்ளச் சொல்லும்போதும் நிதானம் வேண்டும், அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. இதைச் சொல்லாமல் யாரையும் அங்கே அனுப்பக் கூடாது.

ஒரிஜினல் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். கிரயப் பத்திரம் ஒரு ஜூனியரின் கேஸ் கட்டுக்குள் போய், அவர் வேறு சீனியரிடம் மாறிப் போய், அந்தக் குடும்பம் ஆறு மாதம் அலைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எனக்கு இன்றும் உறுத்துகிற ஒன்று. எங்கள் இரண்டாவது முகாம், மேசையை மடக்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு அக்கா மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள் நாலாக மடித்திருந்த பேங்க் மெமோவை நீட்டினார். கடன் வாங்கியவர் கொடுத்த செக் திரும்பியிருந்தது. மெமோ வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது, அதை நான் பார்க்கவும் செய்தேன். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, "திங்கட்கிழமை வாங்கக்கா, நோட்டீஸ் விட்டுடலாம்" என்றேன். நாங்கள் போன் செய்வோம் என்று அவர் காத்திருந்தார், அவர் வருவார் என்று நான் இருந்துவிட்டேன். மெமோ கிடைத்து முப்பது நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அவர் வந்தபோது இரண்டு மாதம் தாண்டிவிட்டது. செக் திரும்பியதற்குப் போடும் குற்ற வழக்கு போயே போய்விட்டது. பணத்துக்கு சிவில் வழக்கு போட வழி இருந்தது, போட்டோம், ஆனால் அதில் அவர் எத்தனை வாய்தாவுக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் நோட்டில் நாலு கட்டம் இருக்கிறது: பெயரும் போனும், காகிதத்தில் உள்ள தேதி, கெடு முடியும் தேதி, எந்த ஜூனியர் பொறுப்பு. கெடுவுக்குப் பத்து நாளுக்குள் இருந்தால் முகாம் முடிந்த இரவே நோட்டீஸ் தயாராகிவிடும். முப்பதாவது நாள் அதே ஊருக்கு அதே நோட்டோடு மறுபடி போகிறோம், அன்றைக்கு ஃபிளக்ஸ் கிடையாது, பேச்சும் கிடையாது.