திரைக்காக மட்டும் லேப்டாப்பை மாற்றலாமா?

ஓஎல்இடி (OLED) என்ற புதுவகைத் திரை வந்துவிட்டது என்பதற்காக நன்றாக ஓடும் லேப்டாப்பையோ டேப்லெட்டையோ ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் இப்போதைய திரையைச் சோதியுங்கள். இரவில் விளக்கை அணைத்து, பிரைட்னஸை முழுதாக ஏற்றி, ஒரு கறுப்புப் படத்தைத் திரை முழுக்க வையுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்து ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் அது பெரும்பாலும் பழுதல்ல, எல்சிடி (LCD) என்ற வழக்கமான திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் வருவது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தேவையில்லாதபோது அணைந்தும் விடும்.

படம் பார்ப்பதும் போட்டோ திருத்துவதும்தான் முக்கிய வேலை என்றால் தாராளமாக மாற்றலாம். நாள் முழுக்க எக்செல், மெயில் என்றால் வேண்டாம் என்பேன், ஏனென்றால் டாஸ்க்பார் மாதிரி அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால் ஓஎல்இடியில் தடம் பதியும் அபாயம் இருக்கிறது. 2024 ஐபேட் ப்ரோவில் ஆப்பிள் இரண்டு ஓஎல்இடி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. சுமை பிரிவதால் ஒவ்வோர் அடுக்கும் தேய்வது குறைகிறது.

திரையில் பேனாவால் எழுதுபவர்கள் 60 ஹெர்ட்ஸுக்கும் (படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது) 120க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையிலேயே உணர்வார்கள், கடையில் எழுதிப் பாருங்கள்.

கண் சீக்கிரம் வலிக்குமா? அப்படியென்றால் பிரைட்னஸைக் குறைத்து போன் கேமரா வழியாகத் திரையைப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் திரை வேகமாக அணைந்து எரிகிறது என்று அர்த்தம், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அப்புறம், லேப்டாப் என்றால் நல்ல மானிட்டர் ஒன்றை இணைத்தாலே பாதிப் பேருக்குப் போதும்.