மாலத்தீவுல ஏர்லைன் வேலை தேடுறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

மாலத்தீவுக்கு குடிபோகணும், ஏர்லைன் வேலைதான் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் பண்றது என்னன்னா, முதல்ல டிக்கெட் போட்டு போயிடலாம், அங்க இறங்கி நேர்ல போய் கேட்டா யாராவது எடுத்துக்குவாங்கன்னு நம்பி கிளம்புறாங்க. தயவுசெஞ்சு அப்படி போகாதீங்க. நம்ம பாஸ்போர்ட்டுக்கு இறங்கின இடத்துலயே டூரிஸ்ட் விசா காசில்லாம குடுத்துடுறாங்க, அதனாலதான் எல்லாம் ஈஸின்னு தோணுது, ஆனா அந்த விசாவுல ஒரு நாள் வேலை பாத்தாலும் சட்டப்படி தப்பு, மாட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. சரியான வரிசை வேற: கம்பெனிகிட்ட வெளிநாட்டு ஆளுங்களுக்கான கோட்டா இருக்கணும், அவங்க உங்க பேர்ல பெர்மிட் அனுமதி வாங்கணும், அந்த பேப்பர் கைக்கு வந்தப்புறம்தான் நீங்க ஃப்ளைட் ஏறணும். வேலை முதல்ல, டிக்கெட் அப்புறம்.

அடுத்து எந்த வேலைக்கு போடுறோம்ங்கிறது. கேபின் க்ரூ, செக்-இன் கவுண்டர், டிக்கெட்டிங் இதெல்லாம் பெரும்பாலும் அந்த ஊர் பசங்களுக்குத்தான் போகும், அந்த நாட்டு மொழி திவேஹி பேசணும், அவங்க ஆளுங்களுக்கு முன்னுரிமைன்னு அரசாங்கமும் சொல்லுது, அது நியாயமும் தான். வெளியாளுக்கு இடம் இருக்குறது மெஷின் பக்கம். மெயின்டனன்ஸ் இன்ஜினியர், டெக்னீஷியன், ஷீட் மெட்டல் வேலை தெரிஞ்சவங்க, ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ் ப்ளானிங், குவாலிட்டி, சேஃப்டி, கொஞ்சம் ஐடி, கொஞ்சம் அக்கவுண்ட்ஸ், அப்புறம் பைலட். உங்க படிப்பு இதுல எங்கயாவது உக்காருதான்னு முதல்ல பாருங்க.

ஏன் மெஷின் பக்கம்னா அந்த நாட்டோட அமைப்பே அப்படி. ஏறத்தாழ 1,200 தீவு, ரிசார்ட் ஒவ்வொண்ணும் ஒரு தீவுல, அங்க போக படகு, இல்லன்னா சீப்ளேன். ட்ரான்ஸ் மால்டீவியன் ஏர்வேஸ் கிட்ட மட்டும் 60க்கு மேல ட்வின் ஆட்டர்ங்கிற ரக சீப்ளேன் இருக்கு, உலகத்துலயே பெரிய சீப்ளேன் கம்பெனி அதுதான். இதுபோக அரசாங்கத்தோட மால்டீவியன், தனியார் மான்டா ஏர், வில்லா ஏர் எல்லாம் இருக்கு. சீப்ளேன் கடல் தண்ணியிலதான் இறங்குது, ஏறுது, அதனால உப்பு அரிப்புதான் அங்க தினசரி சண்டை. இன்ஜினை நல்ல தண்ணி விட்டு கழுவணும், ஃப்ளோட்டுக்குள்ள (தண்ணியில மிதக்க விமானத்துக்கு அடியில இருக்குற கூடு) புகுந்த தண்ணிய பம்ப் போட்டு எடுக்கணும், துரு பிடிச்ச இடத்தை சுரண்டி ட்ரீட் பண்ணி பெயிண்ட் அடிக்கணும், இது ஓயவே ஓயாத வேலை. சீப்ளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், அதனால பெரிய மெயின்டனன்ஸ் எல்லாம் ராத்திரி ஷிஃப்ட்ல வந்து விழும். பகல் முழுக்க கடல பாத்துகிட்டு ஜாலியா வேலைன்னு கனவு இருந்தா இதை மனசுல வச்சுக்கங்க.

அதனால சிவி எழுதும்போது ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ்ல அனுபவம்னு மொட்டையா எழுதாதீங்க. ட்வின் ஆட்டர்ல இருக்குற பிடி6 இன்ஜின்ல கை வச்சிருக்கீங்களா, அரிப்பு தடுப்பு வேலை பண்ணிருக்கீங்களா, கடலோர ஸ்டேஷன்ல இருந்திருக்கீங்களா, அதை முதல் பத்தியிலயே போடுங்க. இண்டிகோ, அலையன்ஸ் ஏர்ல ஏடிஆர் 72ங்கிற சின்ன ப்ரொபெல்லர் விமானத்துல வேலை பாத்தவங்களுக்கு நல்ல வழி இருக்கு, ஏன்னா மாலத்தீவு உள்நாட்டு ஃப்ளைட்லயும் ஏடிஆர் ஓடுது. இலங்கையில சினமன் ஏரோட செஸ்னா கேரவன் மாதிரி தண்ணியில இறங்குற ஃப்ளைட்ல வேலை பாத்தவங்களுக்கு இன்னும் பக்கம், அந்த அனுபவம் இந்தியாவுல கிடைக்கிறதே கஷ்டம். லைசென்ஸ் விஷயத்துல இந்தியா, மாலத்தீவு ரெண்டு நாட்டு விதியும் ஐரோப்பா முறையை ஒட்டித்தான் இருக்கு, பி1 (இன்ஜின், பாடி), பி2 (எலெக்ட்ரானிக்ஸ்) லைசென்ஸ்னு சொன்னா அங்க உடனே புரியும், ஆனா நம்ம டிஜிசிஏ (இந்திய விமானத்துறை அமைப்பு) லைசென்ஸை வச்சு அப்படியே அங்க கையெழுத்து போட முடியாது, அவங்க சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி ஏத்துக்கணும். அந்த செலவையும் நேரத்தையும் யாரு ஏத்துக்குறாங்கன்னு இன்டர்வியூலயே கேட்டுடுங்க. பைலட்டுக்கும் இதேதான், கூடவே ஃப்ளோட் அனுபவம் இருக்கான்னு பாப்பாங்க, புதுசா சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்கி 200 மணி நேரம் பறந்த அனுபவத்தோட நேரா சீப்ளேன் சீட்டு கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

தேடுற இடம்: ஏர்லைன்களோட சொந்த கேரியர் பேஜ், மாலே பக்கத்துல இருக்குற வெலானா ஏர்போர்ட்டை நடத்துற எம்ஏசிஎல் கம்பெனியோட பேஜ் (அங்க கிரவுண்ட் ஹேண்ட்லிங்கும் அவங்கதான்), ஜாப் மால்டீவ்ஸ் சைட். லிங்க்ட்இன்ல மெயின்டனன்ஸ் மேனேஜர், ஸ்டோர்ஸ் மேனேஜர் மாதிரி ஆட்களுக்கு நேரா சுருக்கமா எழுதுங்க, எச்ஆருக்கு அனுப்புறதவிட அதுக்கு பதில் வர வாய்ப்பு அதிகம். டூரிஸ்ட் சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், அதுக்குள்ள ஆளெடுத்து ட்ரெயினிங் முடிச்சாகணும், அதனால ஜூன் ஜூலையிலயே அப்ளை பண்ண ஆரம்பிச்சுடுங்க.

ஏஜென்ட் மூலமா போறீங்கன்னா இந்திய அரசாங்கத்தோட இ-மைக்ரேட் சைட்ல அவர் பேர் இருக்கான்னு பாருங்க. பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்குல கேட்டு ஃப்ரீ விசா, போனப்புறம் எந்த வேலையும் பாக்கலாம்னு சொன்னா அது பொய், அங்க பெர்மிட் ஒரு கம்பெனியோட கட்டினது, வேற இடத்துல வேலை பாக்குற நொடியே நீங்க சட்டத்துக்கு வெளியில. இப்படி போய் கட்டட வேலையில மாட்டிகிட்டு திரும்ப டிக்கெட் காசில்லாம நிக்கிறவங்க நிறைய பேர், அத நினைச்சா மனசு ஆறல. இலங்கைல இருந்து போறவங்க வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல பதிஞ்சுட்டு போங்க, ஏதாவது ஆச்சுன்னா அந்த பதிவுதான் கை குடுக்கும்.

ஆஃபர் வந்துடுச்சுன்னா சம்பள எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க, எந்த காசுல தர்றாங்கன்னு பாருங்க. இதுதான் என் கணக்குல ரொம்ப முக்கியம். அந்த நாட்டு காசு ரூஃபியாவ ஒரு டாலருக்கு 15.42ன்னு கட்டி வச்சிருக்காங்க, ஆனா பேங்க்ல அந்த ரேட்டுக்கு டாலர் லேசுல கிடைக்காது, வெளில வாங்கினா அதிகம் குடுக்கணும், ஆக ரூஃபியா சம்பளம்னா ஊருக்கு அனுப்பும்போது கணிசமா கரைஞ்சுடும். பேங்க் மூலமா அனுப்பவும் மாச வரம்பு இருக்கு. டாலர்ல, இல்லன்னா பாதியாவது டாலர்ல கேளுங்க. தங்குற இடம், சாப்பாடு, வருஷ டிக்கெட், இன்சூரன்ஸ், பெர்மிட் ஃபீஸ் யாரு கட்டுறாங்க, எல்லாம் எழுத்துல வாங்குங்க. வருஷத்துக்கு 30 நாள் லீவு சட்டத்துலயே இருக்கு. வேலை நேர வரம்பு வாரம் 48 மணி, ஆனா விமான க்ரூவுக்கு அந்த பிரிவு பொருந்தாது, பைலட்டா போறவங்க ரோஸ்டர கான்ட்ராக்ட்லயே தெளிவா கேளுங்க. பாஸ்போர்ட்ட கம்பெனி வாங்கி வச்சுக்குறேன்னா ஒத்துக்காதீங்க.

வீடு கம்பெனி தரலன்னா மாலேல வாடகை சென்னைய விட கூட, ஊரும் நெருக்கம். 2018ல மாலேக்கும் ஏர்போர்ட் தீவுக்கும் பாலம் வந்தப்புறம் ஏர்போர்ட் ஆளுங்க நிறைய பேர் ஏர்போர்ட் தீவோட சேர்ந்த ஹுல்ஹுமாலேல தங்குறாங்க, வேலைக்கு போக வர அது வசதி. வெள்ளி சனி லீவு. சாராயம், பன்னிக்கறி நாட்டுக்குள்ள கொண்டு போகக்கூடாது, பெட்டில தெரியாம கூட வைக்காதீங்க. மனைவியையோ கணவரையோ கூட்டிட்டு போறதா இருந்தா டிபெண்டன்ட் விசாவுல அவங்க வேலை பாக்க முடியாது, அவங்களுக்கு தனியா ஒரு கம்பெனி பெர்மிட் எடுக்கணும், அதனால ரெண்டு பேர் சம்பளம்னு கணக்கு போட்டு லோன் எதுவும் எடுத்துடாதீங்க. பிள்ளைங்க இருந்தா ஸ்கூல் இடம் இருக்கான்னு கேட்டுட்டு, நீங்க முதல்ல போய் ப்ரொபேஷன் மூணு மாசம் முடிச்சப்புறம் அவங்கள கூப்பிட்டுக்கங்க. திருவனந்தபுரத்துல இருந்து ஃப்ளைட் ஒரு மணி நேரம் சொச்சம்தான், கன்னியாகுமரி, நெல்லை பக்கத்து ஆளுங்களுக்கு சென்னைக்கு போறதவிட அது சீக்கிரம்.