வாய் துர்நாற்றம் நீங்கிய விதம்: என் அனுபவம்

பல் துலக்கிய சிறிது நேரத்திலேயே வாயில் நாற்றம் மீண்டும் எழுவது எனக்கு நெடுநாள் வேதனையாக இருந்தது. பல் மருத்துவர் பற்களில் படிந்த காரையை அகற்றிய பிறகும் அது முழுமையாகக் குறையாததால், நாகர்கோவில் கோட்டாற்றில் உள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றேன்.

மருத்துவர் முதலில் பார்த்தது என் நாக்கைத்தான். அதன் பின்பகுதியில் தடித்திருந்த வெண்படிவை, செரிமானம் மந்தப்படுவதால் சேரும் ஆமம் எனும் செரியாத கழிவின் அடையாளமாக ஆயுர்வேதம் கொள்கிறது. அப்படிவில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்துக் கந்தகச் சேர்மங்களை வெளியிடுகின்றன என்கிறது நவீன மருத்துவம். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டியது எனக்குப் பெரும் தெளிவைத் தந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்வதைப் போலவே, பச்சைத் தென்னை ஈர்க்கிலை நடுவே கீறி, இரு கைகளாலும் வளைத்துப் பிடித்து, அடிநாக்கிலிருந்து முன்னோக்கி மெதுவாக வழித்தேன்; அழுத்தினால் நாக்கு புண்ணாகிவிடும். பிறகு நல்லெண்ணெயை வாய் நிறையக் கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் கசியும் வரை அசைக்காமல் வைத்திருந்து உமிழ்ந்தேன். இதுவே கண்டூஷம், அந்த எண்ணெயை விழுங்கவே கூடாது. இரவில் திரிபலாக் கஷாயத்தை இளஞ்சூட்டில் கொப்பளித்ததுடன், இரவு உணவையும் முன்னதாகவே முடித்துக்கொண்டேன்.

சில வாரங்களில் படிவு மெலிந்தது, நாற்றமும் அகன்றது. ஈறில் இரத்தம் கசிபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே இவற்றைத் தொடங்க வேண்டும்.