ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய வீட்டின் வயதைக் கண்டுபிடிக்க

முதலில் கூரையைப் பாருங்கள். எங்கள் அப்பம்மா வீட்டு ஓடு ஒன்றைக் கழற்றிப் புரட்டினால் ‘பாசல் மிஷன், மங்களூர், 1865’ என்று அச்சு. வீடு கட்டிய வருடம் அதுதான் என்று ஊரே சொன்னது. இல்லை, அது கம்பனி ஓடு சுடத் தொடங்கிய வருடம். ஓட்டுக்கூரை அதற்குப் பிந்தியது, அவ்வளவுதான் நிச்சயம்.

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் காலத்து ஓடு என்று யாராவது சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரியுங்கள். அவன் கற்சிலைமடுவில் தோற்றது 1803இல். மங்களூர் ஓடு பிறகுதான்.

சரி, உறுதிக்கு, அதாவது காணிப் பத்திரத்துக்கு வருவோம். ஒட்டுசுட்டான் இருக்கும் முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முந்திய உறுதியில் வவுனியா மாவட்டம் என்றிருக்கலாம், தவறென்று ஒதுக்காதீர்கள். நான்கு எல்லைகளையும் வாசியுங்கள்: ‘வடக்கு: குளக்கட்டு, கிழக்கு: இன்னாரின் காணி’. அந்த ‘இன்னாரின்’ பேரப்பிள்ளைகளிடமும் பழைய உறுதி இருக்கலாம். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். உறுதி இலக்கமோ அதை எழுதிய நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் வேலை சுகம்.

பெரியவர்களிடம் வருடம் கேட்காதீர்கள். “64 புயலுக்கு முந்தியே ஓடு போட்டாச்சோ, அப்ப தென்னோலைக் கிடுகோ?” என்று கேளுங்கள்.